நம் மலை, நம் தோட்டம்: கண்டு மகிழ்வோம், வளர்ப்போம், காப்போம்

(தரம் 10, 11 மாணவர்களுக்கான துணைப்பாடம். விஞ்ஞானம், விவசாயம், தமிழ்க் கட்டுரை ஆகியவற்றுக்குப் பயன்படும்.)



"இலங்கைக்கே உரிய விலங்கினங்கள் இரண்டைப் பெயரிடுக." இது நீங்கள் எந்தப் பரீட்சையிலும் எதிர்பார்க்கக்கூடிய ஒரு சிறு வினா. இவ்வினாவைக் கண்டதும் பலர் புத்தகத்தில் மனனஞ்செய்த பட்டியலைத் தேடுவர். ஒன்று நினைவுக்கு வரும், மற்றது வராது. ஆனால் அன்று காலை நீங்கள் பாடசாலைக்குப் புறப்படும்போது லயத்துக் கூரையில் தாவி ஓடிய செங்குரங்கு இலங்கைக்கே உரியது. காட்டோரத் தேயிலை மலையில் கூவிய காட்டுக்கோழியும் இலங்கைக்கே உரியது. விடை உங்கள் கண்முன்னே இருந்தது. அது விடையென்று நீங்கள் அறியவில்லை. அவ்வளவுதான்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வாழும் நீங்கள் உலகமே வந்து பார்க்கும் காடுகளின் ஓரத்தில் வாழ்கின்றீர்கள். அக்காட்டைக் கண்டு மகிழ்வது எவ்வாறு, வீட்டோரத்தில் ஒரு சிறு தோட்டம் செய்வது எவ்வாறு, இவ்விரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் இருப்பது எவ்வாறு என்பனவே இப்பாடத்தின் பொருளாகும்.

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்

• உங்கள் பிரதேசத் தாவரங்களைச் சுதேசத் தாவரம், இலங்கைக்கே உரிய தாவரம், கொண்டுவரப்பட்ட பயிர், ஆக்கிரமிப்புத் தாவரம் என வகைப்படுத்துவீர்கள்.
• காட்டுயிர்களை அவதானித்து முறையாகப் பதிவு செய்வீர்கள்.
• சாய்வான நிலத்தில் வீட்டுத்தோட்டம் செய்யும்போது கைக்கொள்ள வேண்டியவற்றைக் காரணத்துடன் விளக்குவீர்கள்.
• சுருக்குக் கம்பியின் கேட்டை உதாரணத்துடன் எடுத்துரைப்பீர்கள்.

1. நாம் வாழும் பிரதேசம்

சப்பிரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது. இதன் பெரும்பகுதி ஈரவலயத்தில் அமைந்துள்ளது. ஈரவலயமென்பது ஆண்டொன்றுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் பிரதேசமாகும். தென்மேல் பருவக்காற்று மே மாதமளவில் வந்து மலைச்சரிவுகளில் மோதி எழும்போது இங்கு பெருமழை பெய்கின்றது.

இம்மழையினால் உருவான காடுகளுள் இரண்டை நீங்கள் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும்.

(அ) சிங்கராஜ வனம்: இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களிற் பரந்துள்ள மழைக்காடு. 1978 இல் உயிர்க்கோள ஒதுக்கமாகவும், 1988 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமையாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

(ஆ) சிவனொளிபாதமலை வனம்: 1940 இல் சரணாலயமாக்கப்பட்டது. 2010 இல் ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகியவற்றுடன் சேர்த்து "மத்திய மலைநாடு" என்னும் பெயரில் உலக மரபுரிமையாயிற்று. சிவனொளிபாதமலையின் உயரம் 2243 மீற்றர். களுகங்கை, களனிகங்கை, வளவகங்கை ஆகிய மூன்றும் இம்மலைத்தொடர்ப் பகுதியிலேயே ஊற்றெடுக்கின்றன.

இக்காடுகளின் விளிம்பில்தான் தேயிலை மலைகளும் இறப்பர்த் தோட்டங்களும் உள்ளன. மலையிடுக்கிலும் ஆற்றோரத்திலும் எஞ்சியிருக்கும் சிறு காட்டுத்துண்டுகள் பெருங்காட்டிலிருந்து விலங்குகள் வந்துபோகும் வழிகளாகப் பயன்படுகின்றன. உங்கள் பீலிக்கு வரும் நீரும் பெரும்பாலும் அத்தகைய காட்டுத்துண்டிலிருந்தே வருகின்றது.

2. லயத்தைச் சுற்றியுள்ள நால்வகைத் தாவரங்கள்

பச்சையாய் இருப்பதெல்லாம் காடு அன்று. வாசலில் நின்று பார்த்தால் தெரியும் தாவரங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

(அ) வெளிநாட்டிலிருந்து பயிராகக் கொண்டுவரப்பட்டவை

உ+ம்: தேயிலை, இறப்பர், சவுக்கு எனப்படும் கிரெவிலியா, கிளிரிசீடியா.

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதே இந்நாட்டின் வர்த்தகத் தேயிலைச் செய்கையின் தொடக்கமாகும். இறப்பரின் தாயகம் பிரேசில். அதன் கன்றுகள் 1876 இல் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. நிழலுக்காக நடப்பட்ட கிரெவிலியா அவுஸ்திரேலியாவிலிருந்தும், பசளைக்கும் விறகுக்கும் வேலிக்கும் உதவும் கிளிரிசீடியா மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவை.

(ஆ) சுதேசத் தாவரங்கள்

இலங்கையில் இயற்கையாக வளர்பவை. அயல் நாடுகளிலும் காணப்படுபவை.

உ+ம்: கித்துள், வல்லாரை, மரமஞ்சள்.

கித்துளிலிருந்து பாணியும் கருப்பட்டியும் கிடைக்கின்றன. ஆனால் கித்துள் மரங்கள் பல யாரும் நடாமலே முளைத்தவை. மரநாய் கித்துள் பழத்தைத் தின்று விதைகளை வேறிடங்களில் எச்சத்துடன் விட்டுச் செல்கின்றது. இது விலங்குகள் மூலமான விதைப் பரம்பலுக்கு நல்ல உதாரணமாகும்.

(இ) இலங்கைக்கே உரிய தாவரங்கள்

உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை.

உ+ம்: கெண்டித் தாவரம், ஹீன் போவிட்டியா, வெசாக் ஓர்க்கிட்.

கெண்டித் தாவரத்தைச் சிங்கராஜ வனத்தை அண்டிய பாதையோர மண்மேடுகளிற் காணலாம். அதன் இலை நுனி மூடியுள்ள சிறு கெண்டிபோல் அமைந்திருக்கும். வழுக்கி விழும் பூச்சிகள் உள்ளேயிருக்கும் திரவத்தில் சமிபாடடைகின்றன. பச்சையமுடைய இத்தாவரம் தனக்குரிய உணவை ஒளித்தொகுப்பின் மூலம் தானே தயாரிக்கின்றது. அவ்வாறாயின் பூச்சி எதற்கு? அது வளரும் மண்ணில் நைதரசன் குறைவு. அக்குறையை ஈடுசெய்யவே பூச்சி தேவைப்படுகின்றது. வேலியிலுள்ள கிளிரிசீடியாவுக்கும் நைதரசன் வேண்டும். அதன் வேர்ச்சிறுகணுக்களில் வாழும் பற்றீரியா வளியிலுள்ள நைதரசனைப் பதித்துக் கொடுக்கின்றது. ஒரே தேவை, இரு வழிகள். இவ்வொப்பீட்டை நினைவில் வைத்திருங்கள்.

(ஈ) ஆக்கிரமிப்புத் தாவரங்கள்

வெளியிலிருந்து வந்து, தாமாகவே பரவி, சுதேசத் தாவரங்களின் இடத்தைப் பிடிப்பவை.

உ+ம்: நாயுண்ணி, கட்டகளு போவிட்டியா.

தின்றால் வாயெல்லாம் கறுக்கும் சிறு பழங்களைப் பாடசாலை செல்லும் வழியில் நீங்கள் பறித்துத் தின்றிருப்பீர்கள். அதுவே கட்டகளு போவிட்டியா. அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து வந்த இது சிங்கராஜ வனத்தின் திறந்த இடங்களிலும் பரவியுள்ளது. ஊரில் ஈரல் நோய்க்குக் கஞ்சியில் சேர்க்கப்படும் ஹீன் போவிட்டியாவோ இலங்கைக்கே உரியது. பெயரில் உறவு, குணத்தில் எதிர். எனவே பெயரை மட்டும் கேட்டுத் தாவரத்தை முடிவு செய்யாதீர்கள். இலை, பூ, காய் மூன்றையும் பாருங்கள்.

செயற்பாடு 1: வீட்டிலிருந்து பாடசாலை வரையுள்ள வழியில் நீங்கள் காணும் 12 தாவரங்களை மேற்கூறிய நான்கு வகைகளாகப் பிரித்து எழுதுக. பெயர் தெரியாதவற்றை உங்கள் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ கேளுங்கள். கீரையும் மருந்தும் தேடிக் காடுமேடெல்லாம் நடந்தவர்கள் அவர்கள்.

3. காட்டுயிர்களைக் கண்டு மகிழ்தல்

மகிழ்வதற்குப் பெயர் தெரியவேண்டுமா என நீங்கள் கேட்கலாம். பெயர் தெரியாதவரையில் அது "ஏதோ ஒரு குருவி". பெயர் தெரிந்தபின் அது நேற்றும் வந்த அதே குருவி. நாளை வராவிட்டால் நாம் தேடுவோம். அறிவும் மகிழ்ச்சியும் சேர்ந்தே வளர்கின்றன.

எளிதில் இனங்காணத்தக்க சில:

• இலங்கைக் காட்டுக்கோழி: நமது தேசியப் பறவை. சேவலின் சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் நிறம் இருக்கும். இம்மஞ்சளைக் கொண்டு வீட்டுச் சேவலிலிருந்து வேறுபடுத்தலாம்.
• செங்குரங்கு: தலை உச்சியில் வகிடெடுத்துப் பரப்பியதுபோன்ற மயிர்ச்சுழி உண்டு. இலங்கைக்கே உரியது.
• ஊதாமுக மந்தி: கரிய உடலும் நீண்ட வாலும் கொண்டது. இலையை அதிகமாக உண்ணும். இதுவும் இலங்கைக்கே உரியது.
• இலங்கை நீல மெக்பை: நீல உடல், செம்பழுப்புத் தலை, சிவந்த அலகும் கால்களும். ஈரவலயக் காடுகளில் சிறு கூட்டமாகத் திரியும். இலங்கைக்கே உரியது.
• ஆறுமணிக்குருவி: ஒக்டோபர் அளவில் இந்தியாவிலிருந்து வந்து ஏப்ரல் வரை தங்கிச் செல்லும் விருந்தாளி. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதாலேயே இப்பெயர் பெற்றது. இது வலசைப் பறவைக்கு உதாரணமாகும்.

சிங்கராஜ வனத்திற்குச் செல்வோர் பல இனப் பறவைகள் ஒன்றாகக் கூடி இரைதேடிச் செல்வதைக் காண்பர். இக்கூட்டங்களில் கரிச்சான் இனப் பறவையொன்று காவற்காரனைப்போல் நடந்துகொள்ளும். பருந்தினத்தைக் கண்டதும் அது எழுப்பும் எச்சரிக்கை ஒலியால் ஏனைய பறவைகளும் தப்புகின்றன. மற்றப் பறவைகள் கிளப்பிவிடும் பூச்சிகளைக் கரிச்சான் பிடித்துண்கின்றது. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது பறவைகளுக்கும் பொருந்தும்.

ஒரு குரலும் ஓர் ஆந்தையும்

அவதானிப்பின் பெருமையை உணர்த்தும் உண்மைச் சம்பவமொன்றைக் கேளுங்கள். 1995 இல் கேகாலை மாவட்டத்து கித்துல்கலைக் காட்டில் தீபால் வாரகாகொட என்னும் பறவை ஆய்வாளர் இரவில் ஒரு குரலைக் கேட்டார். அறிந்த பறவைகளின் குரல்கள் எவற்றோடும் அது ஒத்துப்போகவில்லை. அவர் அதனை விட்டுவிடவில்லை. 2001 ஜனவரி 23 அன்று சிங்கராஜ வனத்தில் அக்குரலுக்குரிய பறவையைக் கண்டார். அது சாணளவினும் சிறிய, செந்நிறமான ஓர் ஆந்தை. 2004 இல் அது விஞ்ஞானத்துக்குப் புதிய இனமென அறிவிக்கப்பட்டது. இலங்கையில் புதிய பறவையினமொன்று கண்டுபிடிக்கப்பட்டது 1868 இற்குப் பின்னர் அதுவே முதற்தடவை.

அதன் விஞ்ஞானப் பெயர் ஓட்டஸ் திலோஹொஃப்மானி. 1970களில் சிங்கராஜ வனத்தின் மரங்கள் ஒட்டுப்பலகை ஆலைக்காக வெட்டப்பட்டபோது அதற்கெதிராகக் குரலெழுப்பியவர்களுள் முன்னின்றவர் திலோ ஹொஃப்மன். மரம் வெட்டுதல் அத்தசாப்தத்தின் இறுதியில் நிறுத்தப்பட்டது. அன்று காடு முழுவதும் போயிருந்தால் 2001 இல் அந்த ஆந்தையைக் காண முடிந்திருக்குமா? அவர் பெயரை அந்த ஆந்தைக்குச் சூட்டியமை எவ்வளவு பொருத்தமானது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

ஆறு ஆண்டுகள் ஒரு குரலின் பின்னால் ஒருவர் நடந்தார். நமது தோட்டங்களில் பலர் ஆந்தையின் குரல் கேட்டால் சகுனம் சரியில்லையென்று கதவைச் சாத்துவர். நீங்கள் கதவைச் சாத்துமுன் ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேளுங்கள்.

அவதானிப்புக் குறிப்பேடு

பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றே போதும். ஒவ்வொரு பதிவிலும் திகதி, நேரம், இடம், வானிலை, கண்டது, அது செய்தது ஆகிய ஆறும் இருத்தல் வேண்டும்.

மாதிரிப் பதிவு: "மார்ச் 3, காலை 6.15. பீலிக்கு மேலுள்ள பலாமரம். பனிமூட்டம். செங்குரங்குகள் 7, இரண்டு குட்டிகள். பிஞ்சுப் பலாக்காயைக் கடித்துக் கீழே போட்டன. நாய் குரைத்ததும் காட்டுப்பக்கம் ஓடின."

கவனிக்க: "குரங்குகள் வந்தன" என்று மட்டும் எழுதினால் அது செய்தி. எண்ணிக்கை, நேரம், செயல் ஆகியவற்றுடன் எழுதினால் அது தரவு.

4. வீட்டுத்தோட்டம்: சிறிய இடம், பெரிய பாடம்

லயத்தைச் சுற்றி உங்களுக்குள்ள இடம் சில அடிகளே இருக்கலாம். அது போதும். உரப்பையில் மண்ணும் கூட்டெருவும் நிரப்பிக் கொச்சிக்காய், கத்தரி, வெண்டி ஆகியவற்றை வளர்க்கலாம். நீர் வழிந்தோடும் ஈரமான மூலையில் வல்லாரை, பொன்னாங்காணி செழிக்கும். வேலியில் பாகலும் பயற்றையும் ஏறும். காணி சற்று அதிகமுள்ளோர் மிளகு, கராம்பு, ஈரப்பலா, இறம்புட்டான் நடலாம்.

(அ) கூட்டெரு: சமையற் கழிவு, காய்ந்த இலை, கிளிரிசீடியா இலை, மாட்டுச் சாணம் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, ஈரமாக வைத்து, இடையிடையே புரட்டிவிட வேண்டும். புரட்டுவது ஏன்? பிரிந்தழியச் செய்யும் நுண்ணங்கிகளுக்கு ஒட்சிசன் தேவை.

(ஆ) மகரந்தச்சேர்க்கை: பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் வெவ்வேறாகப் பூக்கும். ஆகவே காய் பிடிக்கத் தேனீ வேண்டும். பூசணிப்பூ காலையில் விரியும். அந்நேரத்தில் பூச்சிநாசினி தெளிப்பவர் தமது காயைத் தாமே அழிக்கின்றார்.

(இ) வண்ணத்துப்பூச்சி: கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ பறவை எச்சம் போன்ற ஒரு புழுவைக் கண்டால் நசுக்காதீர்கள். அது கறுத்த இறக்கைகளையுடைய அழகிய வண்ணத்துப்பூச்சியொன்றின் குடம்பியாக இருக்கலாம். வளர வளர அது பச்சை நிறமாகும். பின் கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் முழு வாழ்க்கை வட்டமும் நிறைவுறும். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்னும் நான்கு பருவங்களையும் படம்பார்த்து மனனஞ்செய்வதிலும் ஒரு கிளையிற் பார்ப்பது இலகு. இரண்டு இலை போனால் போகட்டும்.

(ஈ) காட்டிலிருந்து செடி கொண்டுவராதீர்கள்: வெசாக் காலத்தையொட்டிப் பூக்கும் வெசாக் ஓர்க்கிட் இலங்கைக்கே உரியது. பறித்துச் செல்வோராலும் காடழிப்பாலும் அது அருகிவிட்டது. காட்டு மரத்தில் ஒட்டி வாழ்ந்த செடி வீட்டுச் சட்டியில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. வாசலுக்கு அழகு வேண்டுமாயின் செம்பரத்தை, செவ்வந்தி, கனகாம்பரம் ஆகியவற்றை அயலவரிடம் தடியாகவோ விதையாகவோ கேட்டு நடுங்கள். செம்பரத்தை பூத்தால் தேன்சிட்டு தானாகவே வரும்.

5. சுருக்குக் கம்பி: தோட்டத்துக்கு வேலியா, காட்டுக்குத் தூக்கா?

இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதி இது. கவனமாக வாசியுங்கள்.

மரவள்ளியும் வற்றாளையும் நட்டவர் வீட்டுக்குக் காட்டுப்பன்றி வரும். ஓர் இரவில் ஆறு மாத உழைப்பைக் கிளறிவிட்டுப் போகும். அந்நட்டம் சிறிதன்று. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது சோற்றுப் பிரச்சினை. ஆகவே சிலர் பழைய பிரேக் கம்பியைச் சுருக்காக வளைத்து வேலியோரத்தில் வைக்கின்றனர்.

ஆனால் சுருக்குக் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே 26 அன்று சிவனொளிபாதமலையின் மறுபக்க அடிவாரமான நல்லதண்ணியில், மரக்கறித் தோட்டமொன்றில் வைக்கப்பட்டிருந்த சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. வனசீவராசிகள் மிருக வைத்தியர்கள் அதனை விடுவித்து, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுசென்றனர். மே 29 அன்று அது இறந்தது.

கருஞ்சிறுத்தை வேறோர் இனமன்று. பின்னிடைவான பரம்பரையலகு காரணமாக மெலனின் நிறப்பொருள் மிகையாக உண்டான சிறுத்தையே அது. இலங்கையில் அது மிக அரிது. இலங்கைச் சிறுத்தை இந்நாட்டுக்கே உரிய துணையினம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினால் பாதுகாக்கப்பட்டது. ஓகஸ்ட் 1 ஆம் திகதி இலங்கைச் சிறுத்தை தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

இங்கு ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். சிறுத்தை காட்டுப்பன்றியின் குட்டிகளையும் இரையாகக் கொள்ளும் விலங்கு. அதைக் கொன்றால் உணவுச் சங்கிலியின் மேற்படி அறுகின்றது. பன்றி குறைவதற்கு இருந்த இயற்கை வழியொன்றும் போய்விடுகின்றது. அதுமட்டுமன்று. தேயிலை மலைக்கு இறங்கும் உங்கள் அம்மாவின் காலிலும், வேலியோரம் பந்து எடுக்கப் போகும் தம்பியின் காலிலும் அதே கம்பி சிக்கலாம்.

அப்படியானால் பயிரைக் காப்பது எவ்வாறு?

• கிழங்குப் பயிர்களை வீட்டுக்கு மிக அண்மையில் நடுக. காட்டோரத்தில் மிளகு, கராம்பு போன்றவற்றை நடுக.
• கிளிரிசீடியாத் தடிகளை நெருக்கமாக நட்டு உயிர்வேலி அமைத்து, அடிப்பகுதியை மூங்கிற் பட்டைகளால் அடைக்குக.
• வேலியோரப் பற்றைகளைத் துப்பரவாக வைத்திருக்குக. மறைவிடம் இல்லாதவிடத்துப் பன்றி தயங்கும்.
• சமையற் கழிவை வேலிக்கு வெளியே கொட்டாது கூட்டெருக் குழியில் இடுக.
• அயல்வீட்டாருடன் சேர்ந்து ஒரே வேலியாக அமைக்குக. ஒருவர் அடைத்து மற்றவர் திறந்துவிட்டால் பயனில்லை.
• சுருக்கில் சிக்கிய விலங்கைக் கண்டால் அருகிற் செல்லாது, கூட்டம் கூட்டாது, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்னும் இலக்கத்துக்கு அறிவிக்குக.

இவை பன்றியை முற்றாகத் தடுத்துவிடுமென்று கூறமுடியாது. நட்டத்தைக் குறைக்கும். சுருக்கோ ஒருநாள் பன்றியைத் தரும், மறுநாள் ஈடுசெய்யமுடியாத ஓர் உயிரை எடுக்கும்.

6. சாய்வான நிலத்தில் தோட்டம் செய்தல்

மலைச்சரிவில் மண்ணைத் தொடும் ஒவ்வொருவரும் நீரின் வழியை அறிந்திருத்தல் வேண்டும். 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் பெருவெள்ளத்தாலும் மண்சரிவாலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலைச்சரிவொன்று வீடுகள் மீது சரிந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர்.

• பாத்திகளைச் சரிவின் குறுக்கே, சமவுயரக் கோட்டின் வழியே அமைக்குக. மேலிருந்து கீழாக அமைத்தால் ஒவ்வொரு சாலும் ஓடையாகி மண்ணை அரித்துச் செல்லும்.
• வெறும் மண்ணைத் திறந்து விடாதீர்கள். காய்ந்த இலை தழைகளால் மூடுக.
• பாத்தி ஓரத்தில் வெட்டிவேர் போன்ற ஆழ வேரோடும் புல்லை நடுக.
• லயத்தின் பின்புறமுள்ள மண்மேட்டை வெட்டி இடம் பெருப்பிக்காதீர்கள். அது மேலேயுள்ள மண்ணின் தாங்கலை அகற்றிவிடும்.
• மழைக்கு முன்னர் கான்களைத் துப்பரவு செய்க. தேங்கும் நீர் மண்ணுக்குள் இறங்கி அதன் பாரத்தைக் கூட்டும்.

மண்சரிவின் முன்னறிகுறிகள்: நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புகள், மரங்களும் கம்பங்களும் சாய்தல், ஊற்று திடீரெனக் கலங்குதல், புதிய இடத்தில் நீர் கசிதல், இருந்த ஊற்று திடீரென வற்றுதல். குறிப்பேடு எழுதும் மாணவரே இம்மாற்றங்களை முதலில் காண்பவர். கண்டால் உடனே பெரியோருக்குக் கூறி அவ்விடத்தைவிட்டு அகலுங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்துக்கும் அறிவிக்கலாம்.

7. பாதுகாப்பு

• காட்டுக்குத் தனியே செல்லாதீர்கள். பெரியவர் ஒருவருடன், சப்பாத்து அணிந்து செல்லுங்கள். ஒதுக்கக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள்.
• மழை நாளில் அட்டை கடிக்கும். பிய்த்து இழுக்காது, உப்போ சவர்க்காரமோ தடவினால் விட்டுவிடும். கடித்த இடத்தைக் கழுவுங்கள்.
• குவிந்த சருகுக்குள் வெறுங்கையை விடாதீர்கள். மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு விரியன் (சிங்களத்தில் குனகட்டுவா) சருகின் நிறத்திலேயே சுருண்டிருக்கும். பாம்பு கடித்தால் கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. இலவச நோயாளர் காவு வண்டிச் சேவையின் இலக்கம் 1990.
• உயர்ந்த மரங்களில் தொங்கும் குளவிக் கூட்டுக்குக் கல்லெறியாதீர்கள். நீங்கள் ஓடிவிடுவீர்கள். கொட்டு வாங்குபவர் பக்கத்து மலையில் கொழுந்து பறிப்பவர்.
• பூச்சட்டி, பழைய ரயர், இறப்பர்ப்பால் சிரட்டை ஆகியவற்றில் நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். கவிழ்த்து வையுங்கள்.

நினைவிற் கொள்க

1. இலங்கைக்கே உரிய இனமென்பது உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம்.
2. சிங்கராஜ வனம்: 1978 உயிர்க்கோள ஒதுக்கம், 1988 உலக மரபுரிமை. மத்திய மலைநாடு: 2010.
3. கெண்டித் தாவரம் நைதரசனைப் பூச்சியிலிருந்தும், கிளிரிசீடியா பற்றீரியாவின் உதவியால் வளியிலிருந்தும் பெறுகின்றது.
4. சுருக்குக் கம்பி இலக்கு விலங்கை மட்டும் பிடிப்பதில்லை.
5. சரிவில் பாத்தி குறுக்கே. ஒருபோதும் நெடுக்கே அன்று.

மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: கிளிரிசீடியா வீட்டுத்தோட்டத்துக்கு உதவும் மூன்று வழிகளைத் தருக. (3 புள்ளிகள்)
விடை: உயிர்வேலியாக அமையும், இலை பசுந்தாட் பசளையாகும், வேர்ச்சிறுகணுக்களிலுள்ள பற்றீரியா மண்ணை நைதரசனால் வளப்படுத்தும்.

வினா 2: ஆக்கிரமிப்புத் தாவரம் ஒன்றைப் பெயரிட்டு, அது உயிர்ப்பல்வகைமையைக் குறைக்கும் விதத்தை விளக்குக. (3 புள்ளிகள்)
விடை: கட்டகளு போவிட்டியா. விரைவாகப் பரவி ஒளி, நீர், கனியுப்பு ஆகியவற்றுக்காகச் சுதேசத் தாவரங்களுடன் போட்டியிடும். அத்தாவரங்கள் குறைய, அவற்றில் தங்கிவாழும் விலங்குகளும் குறையும்.

வினா 3: "காட்டுப்பன்றிக்குச் சுருக்கு வைப்பது விவசாயிக்கே நட்டமாகும்." காரணங்காட்டி விளக்குக. (4 புள்ளிகள்)
விடைக் குறிப்பு: சிறுத்தை போன்ற இரைகௌவிகள் இறக்கும் (1). பன்றிக்குரிய இயற்கைக் கட்டுப்பாடு குறையும் (1). மனிதருக்கும் வீட்டு விலங்குகளுக்கும் ஆபத்து (1). பொருத்தமான உண்மை உதாரணம், உ+ம்: 2020 நல்லதண்ணி (1).

வினா 4 (கட்டுரை): "என் வீட்டைச் சுற்றியுள்ள இயற்கை" என்னும் தலைப்பில் 200 சொற்களில் எழுதுக.
எழுதுவோருக்கு: "இயற்கை இறைவன் தந்த கொடை" என்று எல்லோரும் தொடங்குவர். விடைத்தாள் திருத்துபவர் அதனை அன்றைக்கு நூறுமுறை வாசித்திருப்பார். நீங்கள் உங்கள் குறிப்பேட்டின் ஒரு பதிவிலிருந்து தொடங்குங்கள். நேரம், இடம், நீங்கள் கண்ட ஓர் உயிர். அதன்பின் அவ்வுயிர் ஏன் அங்கு வந்தது என்று விளக்குங்கள். இறுதியில் அது நாளையும் வருவதற்கு நீங்கள் செய்யப்போகும் ஒரு செயலைக் கூறி முடியுங்கள்.

மாணவர்களே! பரீட்சை முடிந்ததும் புத்தகங்களைக் கட்டி வைத்துவிடுவீர்கள். குறிப்பேட்டை மட்டும் வெளியே வையுங்கள். நாளைக் காலை முகங்கழுவப் பீலிக்குப் போகும்போது ஐந்து நிமிடம் முந்திப் போங்கள். முதற் பதிவை அங்கேயே எழுதலாம்.